நாற்காலிக்கடியில் ஒரு புள்ளி

அருங்காட்சியகத்தின் பணியாளர் பட்டியலில் அவருடைய பதவி 'வார்ப்புப் பணியாளர், இரண்டாம் நிலை' என்று இருந்தது. முதல் நிலை என்று ஒருவர் அங்கே இருந்ததே இல்லை. அந்தப் பதவி உருவாகும்போதே காலியாகத்தான் உருவானது என்று அலுவலகத்தில் ஒரு மரியாதையோடு சொல்வார்கள். அவர் செய்தது நகல் எடுக்கும் வேலை. அதனால் கீழே உள்ளவர்கள் அவரை நகலண்ணன் என்றார்கள். மேலே உள்ளவர்கள் வெறும் நகல் என்றார்கள். "நகலைக் கூப்பிடு", "நகல் சாப்பிடப் போயிருக்கா" என்று முப்பத்துமூன்று வருடம் கேட்டுப் பழகிவிட்டதில், வங்கியில் உண்மைப் பெயரைச் சொல்லி அழைத்தால், பாவம் யாரோ ஒரு ஆள் வரவில்லை போலிருக்கிறது என்று தானும் திரும்பிப் பார்ப்பார்.

அவருடைய அறை அடித்தளத்தில் இருந்தது. ஒரு பக்கம் பணியாளர் கழிப்பறை, மறுபக்கம் கைகால் உடைந்த சிலைகளின் கிடங்கு. இருந்த ஒரே சன்னல் நடைபாதைக்குச் சமமாகத் திறந்ததால், உலகத்தை அவர் செருப்புகளின் வழியாகவே அறிந்திருந்தார். செருப்பு தேய்ந்திருக்கும் விதத்தை வைத்து ஆளின் குணத்தைச் சொல்வார். முகங்களைப் பற்றி அவருக்கு அவ்வளவு தெரியாது. தெரிந்த முகம் ஒன்றே ஒன்றுதான். அதற்கு இரண்டாயிரம் வயது.

அந்த அருங்காட்சியகத்தின் ஒரே சொத்து நாற்பது ரோம வெள்ளிக் காசுகள். மற்றதெல்லாம் ஓட்டை உடைசல். காசுகள் ஏதோ ஒரு வயலில் ஏர் முனையில் பானையோடு அகப்பட்டவை. ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு பக்கம் சக்கரவர்த்தி: வலப்புறம் திரும்பிய முகம், தலையில் இலைமாலை, தாடையில் பிடிவாதம். காசு சின்னது, பட்டங்கள் நிறைய என்பதால், எல்லாப் பட்டத்தையும் தலைவெட்டிக் காலொடித்துச் சுற்றிலும் நெருக்கியிருந்தார்கள். மறுபக்கம் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் நீண்ட கோல், இன்னொரு கையில் ஒரு கிளை. அவள் சமாதான தேவதை என்று ஒரு கட்சி. இல்லை, சக்கரவர்த்தியைப் பெற்ற தாய் என்று எதிர்க்கட்சி. சமாதானம் பற்றிய இந்தச் சண்டை அறிஞர்களிடையே வெகுகாலம் ஓயவில்லை.

நகலண்ணனுக்குக் கட்சி கிடையாது. யாரோ வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் போனதால் வெகுநேரமாக உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்பிள்ளை என்றுதான் அவளை நினைத்திருந்தார்.

இருபத்துமூன்று வருடத்துக்கு முன்பு அந்த நாற்பதுக்கும் நகல் எடுக்கச் சொன்னார்கள். அசல் இரும்புப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். நகல் ஒரு மரப்பெட்டியில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளுக்கு அறிவூட்டும் என்பது திட்டம். நகலண்ணன் ஏழு மாதம் குனிந்த தலை நிமிரவில்லை. மெழுகில் அச்சு எடுத்தார், செம்பில் வார்த்தார், வெள்ளி முலாம் பூசினார். புதுவெள்ளி பல்லிளிக்கும் என்பதால், வேகவைத்த முட்டையைப் பிளந்து காசுகளோடு ஒரு தகரடப்பாவில் வைத்து மூடினார். மூன்றாம் நாள் திறந்தால் வெள்ளி கறுத்து, இரண்டாயிரம் வருடம் கடந்திருந்தது. கோப்பில் இன்றும் அதற்கு ரசீது இருக்கிறது: 'பழமை ஏற்றுவதற்கு, முட்டை இரண்டு.'

நகல் என்றால் அசலில் இல்லாத ஒரு குறி அதில் இருக்க வேண்டும் என்பது விதி. அச்சில் அந்தப் பெண்ணின் நாற்காலிக்கு அடியில் ஊசிமுனையால் ஒரு குத்துக் குத்தினார். காசில் அது கடுகளவுப் புள்ளியாக எழும்பி நின்றது. இரண்டாயிரம் வருடமாக உட்கார்ந்திருப்பவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் வேண்டாமா? அது சொம்பு. பதிவேட்டில் 'அடையாளக் குறி உண்டா' என்று ஒரு கட்டம் இருந்தது. 'உண்டு' என்று எழுதினார். என்ன குறி, எங்கே என்று எழுதக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததை எழுதுவது அரசு வேலையில் ஒழுங்கீனம்.

இந்த வருடம் அருங்காட்சியகத்துக்கு ஒரு மின்தராசு வந்தது. அதுவரை ஆண்டுதோறும் காசுகளின் எடையைச் சரிபார்க்கும்போது 'முன்னாண்டுபடி' என்று எழுதிவிட்டுத் தேநீர் குடிப்பதே மரபு. புதிதாக வந்திருந்த இயக்குநர் மெல்லிய குரலும் நல்ல சட்டைகளும் உடைய மனிதர். தராசு வாங்கியாயிற்றே, எதையாவது நிறுக்க வேண்டும் என்று நாற்பது காசுகளையும் நிறுக்கச் சொன்னார். நாற்பதும் குறைந்தன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ அரை கிராம்.

அரை மணி நேரத்தில் இயக்குநர் குற்றத்தைக் கண்டுபிடித்தார். யாரோ ஒவ்வொரு காசையும் சுரண்டி வெள்ளித்தூளை எடுத்திருக்கிறான். யார்? காசு அறையின் வாசலில் ஆறு வருடமாக முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளி. சாட்சி? அவனுடைய சாவிக்கொத்தில் ஒரு நகவெட்டி தொங்கியது; நகவெட்டியில் அரம் இருந்தது. காவலாளியையும் நகவெட்டியையும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். மொத்தம் இருபது கிராம் வெள்ளி. வண்டிக்குப் போட்ட பெட்ரோல் அதைவிட அதிகம் என்று வாகன ஓட்டி சொன்னதாகக் கேள்வி.

காவலாளி வேறு யாருமில்லை, நகலண்ணனின் மனைவிக்குத் தம்பி. வேலை வாங்கிக் கொடுத்ததே நகலண்ணன்தான். "உக்காந்த இடத்துல சம்பளம்டா மச்சான், ஒரு வம்பும் வராது" என்று சொல்லிச் சேர்த்துவிட்டிருந்தார்.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது மனைவி அடுப்பை மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, அவன் சுரண்டியிருப்பானா?"

"சேச்சே."

"பின்ன எடை எங்க போச்சு?"

"தேயுமில்ல."

"இரும்புப் பெட்டிக்குள்ள பூட்டி வச்சது எப்படிங்க தேயும்? உள்ள உக்காந்து ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிட்டா இருந்துச்சு?"

நகலண்ணன் தட்டில் விழுந்த ஆறின சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். எடை எங்கே போயிற்று என்று உலகத்தில் ஒருவருக்குத் தெரியும் என்றால் அது அவருக்குத்தான். செம்பு வெள்ளியைவிட இலேசு. கட்டைவிரல் நகமளவுக் காசில் அந்த வித்தியாசம் அரை கிராம் வரும்.

இருபத்துமூன்று வருடத்துக்கு முன்பு நகல் வேலை முடிந்த நாள். மேசைமேல் கறுப்புத் துணி விரித்து, இடப்பக்கம் நாற்பது, வலப்பக்கம் நாற்பது என்று அடுக்கிவைத்திருந்தார். அன்றைய காசுக் காப்பாளர் படியிறங்கி வந்தார். படித்தவர், இளைஞர், தவறே செய்யாதவர். அப்படித்தான் அவரே சொல்லிக்கொள்வார். நகலண்ணனுக்கு அன்றைக்குக் கொஞ்சம் கொழுப்பு. வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் அதிகாரியோடு விளையாடிப் பார்த்தார்.

"சார், இதுல எது அசல்னு சொல்லுங்க பார்ப்போம்."

காப்பாளர் குனியக்கூட இல்லை. நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டினார். "இதென்ன கேள்வி? பார்த்தாலே தெரியலியா? இந்தப் பக்கம்தான் அசல். அந்த உயிர் இருக்கே, அது நகல்ல வராது."

அவர் கை வைத்தது நகல்களின்மேல்.

நகலண்ணனுக்கு உச்சந்தலையில் பூ வைத்ததுபோல் இருந்தது. ஒரு நிமிடம் அதை அனுபவித்துவிட்டு உண்மையைச் சொல்லலாம் என்று நினைத்தார். அந்த ஒரு நிமிடத்துக்குள் காப்பாளர் நகல்களை வாரித் தட்டில் போட்டு, மேலே கொண்டுபோய், இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, முத்திரையும் வைத்துவிட்டார். சரி, நாளைக்குச் சொல்லலாம். மறுநாள் காப்பாளர் ஓர் எழுத்தரைத் தன் பேச்சைத் திருத்தியதற்காகக் கிழிகிழியென்று கிழித்துக்கொண்டிருந்தார். சரி, அடுத்த வாரம். அடுத்த வாரம் மரப்பெட்டி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டது.

இப்படியாக, இரண்டாயிரம் வருடத்து வெள்ளி பதினான்கு வருடம் ஊர் சுற்றியது. பிள்ளைகள் சுண்டி விளையாடினார்கள். நாற்பது போய் முப்பத்திரண்டாக வந்தது, இருபதாக வந்தது, கடைசியில் பதினொன்றாக வந்தது. 'தேய்ந்த நகல்கள், மதிப்பு இல்லை' என்று சான்று எழுதிக் கழித்துக்கட்டினார்கள். சான்றில் கையெழுத்துப் போட்டவர் நகலண்ணன். பழைய தண்ணீர்க் குழாய்களோடும் மின்விசிறி இறக்கைகளோடும் அவற்றை உலோகக் கடைக்காரன் மொத்தமாகத் தராசில் கொட்டியபோது அவர் பக்கத்திலேயே நின்றார். ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் என்ன என்று கைவரைக்கும் வந்தது. திருட்டுப் பட்டம் வந்துவிடுமே என்று பயந்து விட்டுவிட்டார். பதினான்கு வயதாகிவிட்ட பொய்யை வீட்டைவிட்டுத் துரத்தவும் மனம் வரவில்லை.

ஆக, மச்சான் உள்ளே போன முதல் நாளே நகலண்ணனுக்கு எல்லாம் தெரியும். ஆனால் வாய் திறக்கவில்லை. ஓய்வு பெற ஒன்பது மாதம் இருந்தது. மச்சானை எப்படியும் இரண்டொரு நாளில் விட்டுவிடுவார்கள், நகவெட்டியால் நாட்டைக் கொள்ளையடிக்க முடியாது என்பது காவலர்களுக்குத் தெரியாதா என்று நினைத்தார். இரண்டாம் நாளும் அப்படியே நினைத்தார். ஐந்தாம் நாளும் நினைத்தார். நினைப்பதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

ஒன்பதாம் நாள் காலையில் மனைவி கட்டிக் கொடுத்த சாப்பாட்டுப் பொட்டலத்தோடு காவல் நிலையத்துக்குப் போனார். கம்பிக்குப் பின்னால் மச்சான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வலது கையில் அழுக்குத்துணி சுற்றியிருந்தது.

"கையில என்னடா மச்சான்?"

"கதவிடுக்குல மாட்டிக்கிச்சாம் மாமா. அவங்கதான் சொன்னாங்க. நான் அப்ப கண்ண மூடிக்கிட்டிருந்தேன், எனக்குச் சரியாத் தெரியல."

"எப்ப?"

"முந்தாநேத்து. மூணு விரல்." அதை ஏதோ கடையில் வாங்கியதுபோலச் சொன்னான். "வெள்ளித்தூள எந்தக் கடையில வித்தேன்னு கேக்குறாங்க. ஒரு பேரச் சொல்லித் தொலைச்சிரலாம்னா எனக்குத் தெரிஞ்சது மளிகைக்கடைதான். அக்கா சாப்டுச்சா?"

"சாப்டா."

"நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க மாமா. நான் எடுக்கலன்னு உங்களுக்குத் தெரியும்ல, அது போதும்."

நகலண்ணன் அங்கிருந்து நேரே இயக்குநர் அறைக்குப் போனார். சொன்னார். கறுப்புத் துணி, காப்பாளரின் கை, மரப்பெட்டி, உலோகக் கடை, சொம்பு, எல்லாவற்றையும். இயக்குநர் அவரை உட்காரச் சொன்னார். முப்பத்துமூன்று வருடத்தில் அந்த அறையில் நாற்காலி அவருக்குக் கிடைத்தது அன்றைக்குத்தான்.

"அப்ப பெட்டிக்குள்ள இருக்கிறது?"

"நான் செஞ்சது சார். நாற்பதும்."

"அசல்?"

"இல்ல சார்."

இயக்குநர் தன் சட்டையின் கைமடிப்பைச் சரிசெய்துகொண்டார். இருபது கிராம் காணாமல் போவது வேறு. எல்லாமே காணாமல் போவது வேறு. முதலாவதற்குக் காவலாளி போதும். இரண்டாவதற்கு இயக்குநர் அளவுக்கு ஒருவர் தேவைப்படலாம். நகலண்ணன் சொன்னதையெல்லாம் வாக்குமூலமாக எழுதி வாங்கிக்கொண்டு, அவர் ஒரு குழு அமைத்தார்.

குழுவில் மூன்று பேர். இயக்குநர், தலைமையகத்திலிருந்து வந்த, 'பதிவேட்டில் எப்படி இருக்கு' என்று மட்டுமே கேட்கத் தெரிந்த ஓர் அதிகாரி, மூன்றாவதாக, ரோமக் காசுகளில் நாடறிந்த நிபுணர். நிபுணர் வேறு யாருமில்லை, அன்று கையை நீட்டிய அதே காப்பாளர். இப்போது முனைவர், தலை நரைத்தவர், கைத்தடி வைத்திருந்தார். இத்தனை புகழும் அவருக்கு ஒரே ஒரு புத்தகத்தால் வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். இந்த நாற்பது காசுகளில் மட்டும், உலகத்தில் வேறெங்கும் காணாதபடி, நாற்காலிக்கு அடியில் ஒரு புள்ளி இருப்பதை அவர் கண்டுபிடித்திருந்தார். அந்தப் புள்ளி உலக உருண்டை. பேரரசின் காலடியில் உலகம் உருண்டுகிடப்பதைக் குறிக்கிறது. ஆகவே அந்தப் பெண் தாயும் அல்ல, தேவதையும் அல்ல, பேரரசே என்று நிறுவி இரண்டு கட்சிகளின் வாயையும் அடைத்திருந்தார். அதற்குத்தான் முனைவர் பட்டம்.

அப்படி ஒரு புத்தகம் இருப்பதே நகலண்ணனுக்கு அன்றுதான் தெரிந்தது. அடித்தளத்துக்குப் புத்தகங்கள் வருவதில்லை.

கூட்டம் நடந்த அறையில் நீள மேசை, பச்சைத் துணி, அதன்மேல் நாற்பது காசுகள், மின்தராசு. நகலண்ணன் வேலை ஏப்ரனோடு நின்றார்.

"அந்தப் புள்ளி நான் வச்சது சார்," என்றார்.

"புள்ளின்னு சொல்லாதீங்க," என்றார் முனைவர். "உருண்டை."

"சொம்பு சார்."

"என்னது?"

"தண்ணிச் சொம்பு. பாவம் ரொம்ப நேரமா உக்காந்திருக்காளேன்னு வச்சேன்."

தலைமையக அதிகாரி நிமிர்ந்தார். "சொம்புன்னு பதிவேட்டில் இருக்கா?"

"உண்டுன்னு இருக்கு சார்."

"சொம்பு உண்டுன்னா?"

"குறி உண்டுன்னு."

"அப்ப சொம்புக்கு ஆதாரம் இல்லை," என்று அதிகாரி எழுதிக்கொண்டார்.

முனைவர் கோபப்படவில்லை. பரிவோடு பேசினார். நகல் எடுப்பவர்களுக்கு வயதான காலத்தில் எல்லாமே தாங்கள் செய்ததுதான் என்று தோன்றும் ஒரு மயக்கம் வருவது இயல்பு என்றார். நகலண்ணன் அச்சு எடுத்த கதையைச் சொன்னார், முட்டையைச் சொன்னார். முட்டைக்கு ரசீது இருந்தது. அந்த முட்டையை எந்த நாற்பதோடு வைத்தார் என்பதற்கு ரசீது இல்லை. கடைசியில் அவர், "வெட்டிப் பாருங்க சார். உள்ள வெள்ளியா இருந்தா நான் பொய்யன். செம்பா இருந்தா என் மச்சானை விட்டுருங்க" என்றார்.

வெட்டலாம்தான். அதற்குத் தலைமையகத்துக்கு முன்மொழிவு எழுத வேண்டும், அது துணைக்குழுவுக்குப் போக வேண்டும். மூன்று மாதம் என்றார் அதிகாரி. விடுமுறை வந்தால் நான்கு.

மச்சானுக்கு இன்னும் ஏழு விரல் இருந்தது. மூன்று மாதம் என்பது தொண்ணூறு நாள். நகலண்ணனுக்குக் கணக்கு வராது, ஆனால் இது வந்தது. ஏப்ரன் பையிலிருந்து உளியை எடுத்தார், சுத்தியலை எடுத்தார், கைக்கு அகப்பட்ட காசை மேசையின் இரும்பு விளிம்பில் வைத்து ஒரே போடு போட்டார்.

சக்கரவர்த்தி மூக்கோடு இரண்டாகப் பிளந்தார். உள்ளே சிவப்பாக இருந்தது.

முனைவர் ஒரு பாதியை எடுத்து உருப்பெருக்கியில் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நீச்சல் தெரியாதவன் கரையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு அவருக்குக் கரை தெரிந்துவிட்டது.

"அற்புதம்," என்றார். "செம்புக் கரு, வெள்ளித் தோல். அந்தக் காலத்துலயே இப்படிக் கள்ளக்காசு அடிச்சிருக்காங்க. இது அந்தக் காலத்துக் கள்ளக்காசு."

"நாற்பதுமா சார்?" என்றார் இயக்குநர்.

"நாற்பதும். ஒரே பட்டறை, ஒரே உருண்டை. உலகத்துலயே இப்படி ஒரு தொகுதி கிடையாது. நல்ல காசு எல்லா அருங்காட்சியகத்துலயும் இருக்கு. இது நம்மகிட்ட மட்டும்தான்."

"அப்ப எடை?"

"பதிவேட்டு எடை யாரும் நிறுத்து எழுதினதா இருக்காது. நல்ல காசுக்கு இருக்க வேண்டிய எடையைப் புத்தகத்தைப் பார்த்து எழுதியிருப்பாங்க."

"பதிவேட்டுப் பிழை," என்றார் அதிகாரி, முதல் தடவையாக மகிழ்ச்சியோடு.

எடை குறையவில்லை என்றால் சுரண்டல் இல்லை. சுரண்டல் இல்லை என்றால் திருட்டு இல்லை. திருட்டு இல்லை என்றால் திருடன் இல்லை. நகலண்ணன் எதற்காக வந்தாரோ அது அவர் சொன்னதை யாரும் நம்பாததாலேயே கைகூடும்போல் இருந்தது. ஒரே ஒரு தடங்கல். அவர் முன்பு எழுதிக் கொடுத்த வாக்குமூலம் கோப்பில் இருந்தது.

மற்றவர்கள் தேநீருக்குப் போனதும் இயக்குநர் தன் மெல்லிய குரலில் விளக்கினார். "புள்ளி உங்களோடதுன்னு நீங்க நின்னா, நாற்பது அசலும் காணோம். காணோம்னா எடுத்தவன் வேணும். ஒருத்தன் ஏற்கெனவே உள்ள இருக்கான். புள்ளி உங்களோடது இல்லன்னு எழுதிட்டீங்கன்னா எதுவுமே காணாமப் போகல. சாயங்காலமே உங்க மச்சான் வீட்டுக்கு வந்துருவாரு."

"சரி சார்."

"இன்னொண்ணு இருக்கு. புள்ளி உங்களோடது இல்லன்னா, நீங்க வெட்டினது நகல் இல்ல. விலைமதிக்க முடியாத தொல்பொருள். அதுக்கு நடவடிக்கை எடுக்காம விட முடியாது. என் நிலைமையும் புரிஞ்சுக்கங்க."

நகலண்ணன் பேனா கேட்டார். இயக்குநர் தன்னுடையதையே கொடுத்தார். 'மேற்படி காசுகளில் காணப்படும் உருண்டை என்னால் வைக்கப்பட்டது அல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினார். 'உருண்டை' என்ற சொல்லில் மட்டும் கொஞ்சம் நின்றார்.

பொருள்களை எடுத்துக்கொள்ளக் கீழே இறங்கினார். கழிப்பறை வாசலில் முனைவர் நின்றிருந்தார். முகம் கழுவியிருந்தார், துடைக்கவில்லை. தடியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றினார்.

"அன்னைக்கு," என்றார், "நான் கை வச்சது எதுல?"

நகலண்ணன் அவருடைய செருப்பைப் பார்த்தார். இரண்டும் உட்புறமாகத் தேய்ந்திருந்தன. "உங்களுக்கு இடப்பக்கம் இருந்ததுல சார்."

"அது?"

"இப்ப கையெழுத்துப் போட்டுட்டேன் சார்."

முனைவரின் தாடையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் சட்டையில் விழுந்தது. "ஏன்யா அன்னைக்கே சொல்லல?"

"நீங்க அதிகாரி சார்."

முனைவர் தலையசைத்தார். நியாயமான பதில்தான். படியேறப் போனவர் திரும்பி, யாராவது கேட்டுவிடுவார்களோ என்பதுபோல, "சொம்பா?" என்றார்.

"சொம்புதான் சார்."

மச்சான் அன்று சாயங்காலமே வந்துவிட்டான். நகவெட்டியைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அதற்கும் ஒரு கையெழுத்து வாங்கியிருந்தார்கள், இடது கையால். அக்கா சுடச்சுடச் சோறு போட்டாள். மூன்று விரலும் மூன்று திசையில் நின்றதால் அவனால் கவளம் எடுக்க முடியவில்லை. ஒரு கரண்டியைக் கொண்டுவந்து இடது கையில் கொடுத்தாள். நகலண்ணன் எதிரே உட்கார்ந்திருந்தார். நடந்ததையெல்லாம் அவர் வாயாலேயே சொல்லிமுடித்திருந்தார். வேலை போனதையும் வழக்கு வரப்போவதையும் சொன்னபோது மனைவி அடுப்பை நோக்கித் திரும்பிக்கொண்டாள்.

"ஆக, என்னை வெளிய கொண்டாரத்தான் கையெழுத்துப் போட்டீங்க," என்றான் மச்சான்.

"ஆமாடா."

"பெரிய மனசு மாமா." கரண்டியைத் தட்டின் விளிம்பில் வைத்தான். "ஒண்ணு கேக்கணும். எடை எப்படிக் குறைஞ்சுச்சுங்கிறது உங்களுக்கு எத்தனாம் நாள் தெரிஞ்சது?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

நகலண்ணன் நினைத்திருந்தால் ஒன்பதாம் நாள் என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கே ஒரு பொய் எழுதிக் கொடுத்தவருக்கு இன்னொன்று பெரிய பாரமில்லை. ஆனால் இருபத்துமூன்று வருடம் உண்மையை அடக்கிவைத்துப் பழகிய வாய், அன்றைக்குப் பார்த்து, கேட்டவுடன் திறந்துவிட்டது.

"முதல் நாளே."

மச்சான் மெதுவாகத் தலையாட்டினான். தன் வலது கையை மேசைமேல் வைத்து, யாருடையதையோ பார்ப்பதுபோலப் பார்த்தான். "இது ஏழாம் நாள்," என்றான். எழுந்து இடது கையைக் கழுவினான். அக்கா வாசல்வரை கூப்பிட்டுக்கொண்டே போனாள். அவன் திரும்பவில்லை. அவள் திரும்பி வந்து, அவன் தட்டை எடுத்து, மிச்சச் சோற்றைக் கொட்டிவிட்டு, கணவரிடம் எதுவும் பேசாமல் விளக்குமாற்றை எடுத்தாள். அன்று தொடங்கிய பேசாமை, இதை எழுதும்வரை, முழுதாக முடியவில்லை. "சோறு இருக்கு", "மழை வருது" என்ற அளவில் நிற்கிறது.

வழக்கு ஒன்றரை வருடம் நடந்தது. ஒரு தொல்பொருளை உளியால் சிதைத்த குற்றத்துக்கு ஆறு மாதம். ஓய்வூதியம் இல்லை. நீதிபதி தீர்ப்பில், முன்னோர் விட்டுச்சென்றதை மதிக்கத் தெரியாதவர்கள் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தார். அந்தப் பத்தியைப் பள்ளிக்கூடங்களில் படித்துக் காட்டினார்களாம்.

வெளியே வந்து இரண்டு மாதம் கழித்து ஒரு பிற்பகலில் நகலண்ணன் அருங்காட்சியகத்துக்குப் போனார். வரிசையில் நின்று நுழைவுச்சீட்டு வாங்கினார். காசு அறையைப் புதுப்பித்திருந்தார்கள். நடுவில் ஒரு கண்ணாடிப் பேழை, நாற்பது காசுகள், ஒவ்வொன்றுக்கும் தனி விளக்கு. வெட்டுப்பட்டதை இரண்டு பாதியாக நடுநாயகமாக வைத்திருந்தார்கள். கீழே முனைவர் எழுதிய பலகை: 'அக்கால வணிகர்கள் கள்ளக்காசைக் கண்டறிய இவ்வாறு வெட்டிப் பார்ப்பது வழக்கம். இது இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள சோதனை வெட்டு.'

நகலண்ணன் அதை இரண்டு தடவை படித்தார். ஆறு மாதத்தில் பாதியையாவது இந்தப் பலகையைக் காட்டித் திரும்பக் கேட்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாததால் விட்டுவிட்டார்.

கண் முன்புபோல இல்லை. அந்தப் பெண்ணைப் பார்க்கக் குனிந்தார். உட்கார்ந்துதான் இருந்தாள். நாற்காலிக்கடியில் அது இருக்கிறதா என்று தெரியவில்லை. நெற்றி கண்ணாடியில் படும்வரை குனிந்தார்.

வாசலில் முக்காலியிலிருந்து ஒருவன் எழுந்து வந்தான். இரும்புப் பெட்டியின் சாவியைத் திருக விரல் ஒத்துழைக்காததால் அவனுக்கு இப்போது பார்வையாளர்களை எச்சரிக்கும் வேலை மட்டும் கொடுத்திருந்தார்கள். பேழைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். செருப்பு புதிது, இன்னும் எந்தப் பக்கமும் தேயவில்லை. அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்பான் என்று நகலண்ணன் காத்திருந்தார்.

"சாயாதீங்க," என்றான் மச்சான். "உள்ள இருக்கிறது அசல்."